மாமியின் ஆர்செனிக்

போன மாதம் என் பழைய லாபிலிருந்து ஒரு போன் வந்தது. புதிய மெஷின் வந்து இறங்கிவிட்டதாம். ஒரு சொட்டுச் சிறுநீரை உள்ளே விட்டால் போதும், அதில் எந்தெந்த ஆர்செனிக் எவ்வளவு இருக்கிறது என்று தானே பிரித்து, ஒவ்வொன்றின் தலையிலும் பெயரையும் எழுதித் தந்துவிடுமாம். நான் இன்னும் அங்கே இருந்தால் அந்த மெஷினோடு சண்டை பிடித்திருப்பேன் என்று சொல்லிச் சிரித்தார்கள். பிடித்திருப்பேன்தான். அதோடு ஒரு வேண்டுகோளும் வைத்தார்கள். லாபுக்கு ஒரு மலர் வெளியிடப் போகிறார்களாம், இவ்வளவு காலம் அங்கே குப்பை கொட்டிய நானும் இரண்டு பக்கம் எழுதித் தரவேண்டுமாம்.

எழுதிக் கொடுத்தேன். ஆங்கிலத்தில், ஒழுங்காக, ஒருவர் மனமும் நோகாமல். ஆனால் உண்மையில் சொல்ல நினைத்ததை அதில் சொல்லவில்லை. அந்தக் கதையில் விரதம் வருகிறது, படையல் வருகிறது, பெண்பிள்ளை பெரியபிள்ளையானதைக் கொண்டாடும் சாமத்திய வீடு வருகிறது. ஒவ்வொன்றுக்கும் அவர்களுக்கு விளக்கம் எழுதப் போனால் மலர் முழுவதும் என் கட்டுரையாகிவிடும். அதனால் இங்கே எழுதுகிறேன். ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். நான் விட்ட பிழையை மட்டும் மாற்றவில்லை.

என் வேலை ஆர்செனிக் அளப்பது. கல்யாண வீடுகளில் யாராவது என்ன வேலை என்று கேட்டு, நான் பதில் சொன்னால், அதற்குப் பிறகு என் கையால் ஒரு வடை வாங்கித் தின்னவும் யோசிப்பார்கள். ஆர்செனிக் என்றால் பாஷாணம், பாஷாணம் என்றால் கொலை என்பதுதான் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் ஆர்செனிக் என்பது ஒன்றல்ல. சில ஊர்க் கிணற்று நீரிலும் பழைய காலத்து எலிமருந்திலும் இருப்பது ஆளைக் கொல்லும். நண்டிலும் இறாலிலும் கணவாயிலும் இருப்பது வேறு, அதற்கு ஆர்செனோபீட்டெயின் என்று பெயர். அது உடம்புக்குள் வந்து, ஒரு வேலையும் செய்யாமல், இரண்டு மூன்று நாளில் சிறுநீரோடு வெளியே போய்விடும். சிக்கல் என்னவென்றால், எல்லாவற்றையும் சேர்த்து மொத்தமாக அளந்தால் இரண்டும் ஒரே இலக்கமாகத்தான் தெரியும். ஒரு தட்டு நண்டுக் கறி சாப்பிட்டவரின் இலக்கமும் விஷம் குடித்தவரின் இலக்கமும் ஒன்றாக இருக்கலாம். அதைப் பிரித்துப் பார்ப்பதுதான் எங்கள் பிரிவின் வேலை.

யாழ்ப்பாணத்தில் இரசாயனவியல் படித்துவிட்டு இந்த ஆங்கிலேயர் ஊருக்கு வந்த நான், முதல் இரண்டு வருஷம் அந்த லாபில் போத்தல் கழுவினேன். நைத்திரிக் அமிலத்தில் ஊறவைத்து, மூன்று தண்ணீரில் அலசி, கவிழ்த்து வைக்க வேண்டும். பிறகு மெஷினைத் தொட விட்டார்கள். தொட்ட முதல் மாதமே ஒரு கூத்து நடந்தது. மெஷினுக்குள் ஓடும் ஆர்கன் வாயுவும் உப்பிலுள்ள குளோரினும் ஒட்டிக்கொண்டால், எடையில் அச்சொட்டாக ஆர்செனிக்தான். அது தெரியாமல், உப்பு அதிகம் தின்ற ஒரு மனிதரை ஒரு பின்னேரம் முழுக்க விஷம் குடித்தவர் என்று நம்பி அவருக்காகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். இப்படி விழுந்து எழும்பித்தான் வேலை படித்தேன். அந்தக் காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

சொல்ல வேண்டியது ஹெலனைப் பற்றி. எங்கள் பிரிவின் தலைவி. உயரமான, மெலிந்த பெண்மணி, எப்போதும் வாயில் ஒரு புதினா மிட்டாய் இருக்கும். பேனாவைத் தொடமாட்டார், எல்லாம் பென்சில்தான். பெயர் சொல்லிக் கூப்பிடு என்று முதல் நாளே சொன்னார். எனக்கு வாய் வரவில்லை. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவரை, அதுவும் மேலதிகாரியை, எப்படிப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது? ஒரு வருஷம் முழுக்க அவரைக் கூப்பிட வேண்டிவந்தால் பக்கத்தில் போய் நின்று இருமினேன். எனக்கு நெஞ்சில் ஏதோ வருத்தம் என்று அவர் நினைத்து, டாக்டரிடம் காட்டும்படி இரண்டு தடவை சொன்னார்.

காலையில் மெஷினை ஓட்டத் தொடங்கும் முன், ஹெலன் தன் புறங்கையைப் பம்பின்மேல் வைத்துப் பார்ப்பார், பிள்ளைக்குக் காய்ச்சலா என்று பார்ப்பது போல. பிறகு சுவாலையைப் பற்றவைப்பார். சூரியனின் மேற்பரப்பைவிடச் சூடான சுவாலை அது, கட்டைவிரல் அளவில் ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் நின்று எரியும். அது நிலைத்து நிற்கும்வரைக்கும் ஒருவரும் பேசக்கூடாது. அவர் காதில் விழ "ஆர்செனிக் கூட இருக்கிறது" என்று யாராவது சொல்லிவிட்டால் உடனே கேட்பார், "எது?" என்று. வெறுமனே ஆர்செனிக் என்று சொல்வது, வீட்டுக்கு ஒரு ஆள் வந்து போனார் என்று சொல்வதைப் போன்றதாம். வந்தது தபால்காரரா கள்ளனா என்று தெரியாமல் என்ன செய்வது என்பார். குரலை உயர்த்தி அவர் பேசி நான் கேட்டதில்லை. அப்படியும் அவருக்குப் பயந்தேன். பயத்தைவிடக் கூடுதலாக அவரில் எனக்கு அன்பு இருந்தது. இதை அவர் ஓய்வுபெற்றுப் போகும் நாளில்கூட நான் சொல்லவில்லை, இப்போதாவது சொல்லி வைக்கிறேன்.

இனிப் பிழைக்கு வருகிறேன்.

அப்போது லாபில் நான் மூத்தவள் ஆகியிருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை, ஹெலன் தன் பெறாமகளின், அதாவது தமக்கை மகளின், கல்யாணத்துக்காக ஸ்கொட்லாந்துக்குப் போயிருந்தார். ஆர்செனிக்கைப் பிரிக்கும் குழாய் அடைத்துப்போய், புதியது திங்கட்கிழமைதான் வரும் என்றிருந்தது. விரல் நீளத்தில் ஒரு எஃகுக் குழாய் அது. நாங்கள் கொலம் என்போம். சிறுநீர் அதற்குள்ளால் போகும்போது ஒவ்வொரு வகை ஆர்செனிக்கும் ஒவ்வொரு நேரத்தில் வெளியே வரும். ஒவ்வொன்றும் வரும்போது திரையில் ஒரு முகடு எழும்பும். கொலம் இல்லாவிட்டால் மொத்தத்தை மட்டும்தான் அளக்கலாம்.

அன்று எங்கள் ஆஸ்பத்திரியின் ஏழாம் மாடி வார்டிலிருந்து, செவ்வாய்க்கிழமை எடுத்த ஒரு சிறுநீர் வந்திருந்தது. அறுபத்தைந்து வயதுப் பெண். பெயரைப் பார்த்தவுடனே எங்கள் ஆள் என்று தெரிந்தது. சில மாதங்களாக இரண்டு காலும் விறைப்பு, ஊசி குத்துவதுபோல உளைவு. அந்தச் செவ்வாயோடு இரண்டு நாளாக வாந்தியும் வயிற்றோட்டமும். படிவத்தில் கடல் உணவு என்ற இடத்தில் "இல்லை, சைவம்" என்று எழுதியிருந்தது. மொத்தத்தை அளந்தேன். இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு. திரும்பவும் அளந்தேன், அதேதான்.

இந்த இடத்தில் ஒரு ஆங்கிலேயர் என்ன செய்திருப்பார் தெரியுமா? அந்தப் படிவத்தை நம்பியிருக்க மாட்டார். பிரித்துப் பார்க்கும்வரை இது ஒன்றையும் சொல்லாது என்று எழுதி அனுப்பியிருப்பார். நான் வார்டுக்கு போன் எடுத்தேன். அந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் பிரபு மதுரைக்காரர். முன்பும் ஓரிரு தடவை பேசிப் பழகியிருக்கிறோம். சாப்பாட்டு விஷயத்தை வடிவாகக் கேட்டீர்களா என்றேன்.

"ஆமாங்க மேடம், நானே தமிழ்லதான் கேட்டேன். சுத்த சைவம். வீட்டுக்காரர் இறந்ததுலேர்ந்து பன்னிரண்டு வருஷமா முட்டைகூடத் தொடுறதில்லையாம். பொண்ணும் பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தாங்க."

"அப்ப சைவம்தான்," என்றேன் நான். "எங்கட ஆக்கள் விரதமெண்டு சொன்னால் அது விரதம்தான், டொக்டர்." சொல்லிவிட்டு இலக்கத்தையும் சொன்னேன்.

இரண்டு தமிழர்கள், போனின் இரண்டு நுனியிலும். இரண்டு பேருக்கும் எங்கள் சனத்தைப் பற்றி எல்லாம் தெரியும். அதனால்தான் இந்தப் பிழை நடந்தது. கால் விறைப்பு, வாந்தி, ஏராளமான ஆர்செனிக் என்று மூன்றும் சேர்ந்தால் எந்தப் பாடப்புத்தகமும் விஷம் என்றுதான் சொல்லும்.

திங்கட்கிழமை ஹெலன் திரும்பி வந்தார். பதிவுப் புத்தகத்தை வாசித்தார். கொலம் இல்லாமல் இலக்கத்தைச் சொன்னாயா என்று கேட்டார். சொன்னேன் என்றேன், அந்த அம்மா சைவம் என்றும் விளக்கினேன். அவர் பென்சிலை எடுத்து, நான் "கடல் உணவு இல்லை" என்று எழுதியிருந்த வரிக்குப் பக்கத்தில் சின்னதாக எழுதினார், "யார் சொன்னது?" என்று. பிறகு போய்ப் புதிய கொலத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து மெஷினில் பூட்டத் தொடங்கினார். அவர் என்னை நாலு வார்த்தை ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அன்று பின்னேரம் பிரபு போன் எடுத்தார். அப்போதுதான் வார்டில் நடந்ததெல்லாம் எனக்குத் தெரிந்தது. அந்த அம்மா ஃபாரஸ்ட் கேட் என்ற இடத்தில் மகனோடும் மருமகளோடும் இருக்கிறார். மருமகள் வதனி, கல்யாணம் முடித்து ஊரிலிருந்து வந்து ஒன்றரை வருஷம். வீட்டுச் சமையல் முழுக்க அவள்தான். ஆர்செனிக் என்ற சொல்லைக் கேட்டதும் அந்த அம்மாவின் மகள், வதனியின் மச்சாள், நேரே அவளைத்தான் பார்த்திருக்கிறாள். தாய்க்கு வருத்தம் கூடிய அந்த ஞாயிற்றுக்கிழமை குப்பை வாளிக்குள் நீல ரப்பர் கையுறை கிடந்ததைத் தான் கண்டதாகவும் சொல்லியிருக்கிறாள். மாமிக்குச் சமைக்கும்போது எதற்குக் கையுறை? வதனியைக் கேட்டால் பதில் இல்லை. அந்த வாரம் என்னென்ன சமைத்தாய் என்று கேட்க, எல்லாம் சொல்லியிருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் வாய் திறக்கவில்லை. சனிக்கிழமையே கணவன் அவளைக் கொண்டுபோய் குட்மேய்ஸில் ஒரு சிநேகிதி வீட்டில் விட்டுவிட்டான். தாய்க்கு இது எதுவும் தெரியாது. வதனிக்குத் தடிமன், மூக்கு ஒழுகுகிறது, வார்டுக்கு வரக்கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறார்கள்.

கணவனின் விசாவில் வந்த பிள்ளை. அவளுக்கு இந்த ஊரில் வேறு யார் இருக்கிறார்கள்? ஹரோவில் ரயிலால் இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது, நான் போனில் சொன்ன வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். எங்கட ஆக்கள் விரதமெண்டு சொன்னால். என்னை யார் கேட்டார்கள்?

செவ்வாய்க்கிழமை காலையில் நிலைமை இன்னும் மோசமானது. திங்கட்கிழமை எடுத்த இரண்டாவது சிறுநீரில் மொத்த ஆர்செனிக் அநேகமாக இல்லை. வேறு நேரமாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். பிரபுவுக்குச் சொன்னபோது அவர் குரல் இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரிச் சாப்பாடு சாப்பிட்டு ஆறு நாள், மருமகளின் சாப்பாடு இல்லை, ஆர்செனிக்கும் போய்விட்டது என்றுதான் எல்லாரும் எடுப்பார்கள் என்றார். நாளைக்குக் காலை பத்து மணிக்குப் பொலீசுக்கு அறிவிப்பதாக முடிவு செய்திருக்கிறார்கள் என்றும் சொன்னார். நண்டாக இருந்தாலும் ஆறு நாளில் போய்த்தான் இருக்கும், விஷமாக இருந்தாலும் பெரும்பகுதி போய்த்தான் இருக்கும். மொத்த இலக்கத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

குளிர்பெட்டியில் முதல் சிறுநீரின் மிச்சம் இருந்தது. ஒரு மேசைக்கரண்டி அளவு. ஹெலன் அதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வேறு வேலை எல்லாவற்றையும் தள்ளி வைக்கச் சொன்னார்.

புதிய கொலத்துக்குள் பொஸ்பேட் கரைசல் ஓடி ஓடி நிலைக்குவர மத்தியானமாகிவிட்டது. வடிகட்டி, தண்ணீர் சேர்த்து ஐதாக்கி, உள்ளே செலுத்தினேன். இரண்டு நிமிஷம் முடியும் முன்பே ஒரு முகடு எழும்பியது, திரையின் உச்சிவரை போய்விட்டது. அதன் பின்னால் ஒரு சின்ன முகடு. பிறகு கடைசிவரை வெறும் கோடு. கிட்டத்தட்ட எல்லா ஆர்செனிக்கும் அந்த முதல் முகட்டில்தான் இருந்தது.

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, இது நண்டுதான் என்று. ஹெலன் என் தோளில் கைவைத்து, "எது?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்களிடமிருந்த அந்த வகைக் கொலத்தில் முதல் முகட்டில் இரண்டு பேர் சேர்ந்து வருவார்கள். ஒன்று ஆர்செனோபீட்டெயின், கடல் உணவு. மற்றது ஆர்செனைட், அசல் விஷம். இரண்டுமே கொலத்தில் பிடிபடாமல் வழுக்கிக்கொண்டு முன்னால் ஓடி வருபவை. விஷமென்றால் உடம்பு அதை மாற்றி மாற்றி வெளியே விடும், பின்னாலுள்ள முகடுகளும் பெருத்திருக்கும் என்று நான் வாதாடினேன். அது ஆறுதல், சாட்சியல்ல என்றார் ஹெலன்.

இரண்டையும் பிரிக்க ஒரு வழி இருக்கிறது. ஐதரசன் பெரொக்சைட், காயத்துக்குப் போடுவோமே, அதே சாமான்தான். விஷமான ஆர்செனைட் பெரொக்சைடைக் கண்டால் உருமாறிவிடும், மாறியது கொலத்தில் ஒட்டிக்கொண்டு கடைசியில்தான் வெளியே வரும். கடல் உணவின் ஆர்செனிக்குக்குப் பெரொக்சைட் போட்டாலும் ஒன்றுதான், போடாவிட்டாலும் ஒன்றுதான். ஆகவே பெரொக்சைட் போட்ட பின்னும் முகடு இடம் மாறாமல் நின்றால் நண்டு, கடைசிக்கு ஓடினால் விஷம்.

ஆனால் ஹெலன் என்னை உடனே அதைச் செய்ய விடவில்லை. முதலில் பெரொக்சைட் வேலை செய்கிறதா என்று காட்டு என்றார். பழைய போத்தல் செத்துப்போயிருந்தால் எதுவும் அசையாது, நாங்களும் நண்டு என்று எழுதிவிடுவோம் என்றார். அதற்கு ஆர்செனிக் இல்லாத ஒரு சிறுநீர் வேண்டும். அன்று சஷ்டி, நானும் ஒரு கிழமையாகச் சைவம். போத்தலை எடுத்துக்கொண்டு போய்விட்டு வந்தேன். என் தொழில் வாழ்க்கையில் லாபுக்கு நான் செய்த மிக நேரடியான பங்களிப்பு அதுதான். அதில் விஷ ஆர்செனிக்கைக் கலந்து, பெரொக்சைட் விட்டு, அரை மணிநேரம் வைத்து, ஓட்டினோம். முன்னால் ஒன்றுமில்லை. பத்தாவது நிமிஷத்தில், கடைசி இடத்தில், முழு முகடும் எழும்பியது. பெரொக்சைட் உயிரோடுதான் இருந்தது.

பிறகு மாமியுடையது. அதே பெரொக்சைட், அதே அரை மணிநேரம். நான் தேத்தண்ணி போட்டேன், இரண்டு பேரும் குடிக்கவில்லை. உள்ளே செலுத்திவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். இரண்டு நிமிஷத்துக்குள் முதல் முகடு அதே இடத்தில், அதே உயரத்தில் எழும்பியது. அது போதாது, கடைசி இடமும் வெறுமையாக இருக்க வேண்டும். எட்டாவது நிமிஷம், ஒன்பதாவது, பத்தாவது. கோடு அசையவில்லை. பதினைந்து நிமிஷம் வரைக்கும் விட்டுப் பார்த்தோம். ஹெலன் வாயிலிருந்த மிட்டாயைக் கடித்து நொறுக்கிய சத்தம் எனக்குக் கேட்டது.

நண்டோ இறாலோ கணவாயோ, ஏதோ ஒன்று. ஹெலன் அறிக்கையைப் பென்சிலால் எழுதி, இரண்டு சொல்லை அழித்து, திரும்ப எழுதித் தட்டச்சுச் செய்யத் தந்தார். பிறகு, இதை போனில் சொல்ல வேண்டாம் என்றார். ஒரு பிழையான எண்ணத்தை டாக்டரின் காதில் போட்டவள் நான்தானாம், நேரே போய் எடுக்க வேண்டியவளும் நான்தானாம். அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. என் கோட்டின் கொலரைச் சரிசெய்துவிட்டுத்தான் அனுப்பினார்.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஏழாம் மாடிக்குப் போனேன். லிஃப்ட் கதவு திறந்ததும் எதிரே நாற்காலியில் ஒரு பெண்பிள்ளை, மடியில் ஒரு பிளாஸ்டிக் பையோடு இருந்தாள். இருபத்தைந்து வயது இருக்கலாம். வார்டுக் கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிரபுவைக் கேட்டேன். அதுதான் வதனி, ஒவ்வொரு நாளும் காலையில் வருகிறாள், உள்ளே விடவேண்டாம் என்று குடும்பம் சொல்லியிருக்கிறது என்றார். பார்வையாளர் நேரம் முடியும்வரை அப்படியே இருந்துவிட்டுப் போவாளாம்.

பிரபு அறிக்கையை வாசித்து, ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கால் விறைப்புக்கும் காரணம் முந்தின நாள் மாலைதான் கிடைத்ததாம். பி பன்னிரண்டு என்ற விற்றமின் அந்த அம்மாவின் உடம்பில் அடிமட்டத்துக்குப் போயிருக்கிறது. நீரிழிவு மாத்திரையும் பன்னிரண்டு வருஷச் சைவமும் சேர்ந்து செய்த வேலை, ஊசி போட்டால் மெல்ல மெல்லச் சரிவரும் என்றார். ஆனால் சாப்பிடவே இல்லையென்று சொல்பவரின் உடம்பில் நண்டு எப்படி வந்தது என்று மேலே கேட்பார்கள், அதற்கு அவர் வாயால் ஒரு பதில் வேண்டும் என்றார்.

கட்டிலில் மாமி தலையணையில் சாய்ந்து இருந்தார். ஒரு பக்கத்தில் மகள், மற்றப் பக்கத்தில் மகன். பிரபு அறிக்கையை விளக்கினார், இது விஷமில்லை, கடல் உணவிலிருந்து வருவது என்றார். மகள் விடவில்லை. அம்மா பன்னிரண்டு வருஷமாக மச்சம் மாமிசம் தொட்டதில்லை, உங்கள் மெஷினில்தான் பிழை, வேறு ஆஸ்பத்திரியில் சோதிக்க வேண்டும் என்று நின்றாள். பிரபு மாமியைப் பார்த்தார். மாமி போர்வையின் நுனியைப் பார்த்துக்கொண்டு, "நான் மீன் சாப்பிடுறேல்லை, தம்பி," என்றார்.

இதற்கு மேல் நான் செய்தது என் வேலையில்லை. குடும்பம் மறைக்கச் சொன்னதை வெளியே சொல்ல எனக்கு ஒரு உரிமையும் கிடையாது. ஆனால் அந்த லிஃப்ட் வாசலில் இருந்த பிள்ளையைக் கண்ட பிறகு எனக்குப் பொறுமை இல்லை.

"அம்மா," என்றேன், "நான் லாபில இருந்து வாறன். எங்கட மெஷின் சரியெண்டா உங்களுக்கு ஒருத்தரும் ஒண்டும் செய்யேல்லை. மெஷின் பிழையெண்டா உங்களுக்கு ஆரோ நஞ்சு வைச்சிருக்கினம் எண்டுதான் அர்த்தம். உங்கட மருமகளைத்தான் சொல்லுகினம். பத்து மணிக்குப் பொலீசுக்குச் சொல்லப் போகினம்."

மாமி மகளைப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார். "அவளுக்குத் தடிமன் எண்டெல்லோ சொன்னனீங்கள்," என்றார். பிறகு பிரபுவின் பக்கம் திரும்பினார்.

"வதனியை வரச்சொல்லுங்கோ. அவள் வந்தாப் பிறகுதான் நான் கதைப்பன்."

நான்தான் போய்க் கூட்டிக்கொண்டு வந்தேன். நடையில் வரும்போதே சொல்லிவிட்டேன், வெள்ளிக்கிழமை அந்த இலக்கத்தை போனில் சொன்னது நான்தான், பிழை என்னுடையது, மன்னித்துக்கொள் என்று. அவளுக்கு அது விளங்கியதாகத் தெரியவில்லை. மாமிக்குக் கால் எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

அவள் கட்டிலின் கால்மாட்டில் வந்து நின்றதும் மாமி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நான் நண்டு சாப்பிட்டனான்," என்றார். "அவற்ர திவசம் ஐயரை வைச்சுச் சைவமா முடிஞ்சுது. அவருக்கு நண்டெண்டா உயிர். பன்னிரண்டு வருசமாப் பருப்பையும் பூசணிக்காயையும் படைச்சுக்கொண்டிருக்கிறம், எனக்கு மனம் கேக்கேல்லை. அடுத்த நாள் நீங்கள் எல்லாரும் சாமத்திய வீட்டுக்குப் போன நேரம் இவளைக்கொண்டு வாங்குவிச்சு, சமைப்பிச்சு, அவற்ர படத்துக்கு முன்னால வைச்சனான். படைச்சதை எறியேலுமே? நான்தான் இருந்து சாப்பிட்டன். இவளுக்கு நண்டு ஒத்துவராது, தொட்டாலே கை தடிக்கும். எனக்காண்டித்தான் அந்தக் கையுறையைப் போட்டுக்கொண்டு சமைச்சவள்."

பிரபு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு ஒரேயடியாக ஒரு சட்டி நண்டு, வயிறு தாங்குமா என்று நான் மனதுக்குள் நினைத்தேன். வாந்திக்கும் காரணம் அதுதான். மகள்தான் முதலில் பேசினாள்.

"நீ ஏன் வாயைத் திறக்கேல்லை?"

வதனி அவளைப் பார்க்காமல் மாமியைப் பார்த்தே பதில் சொன்னாள். "மாமி ஒருத்தருக்கும் சொல்லாதை எண்டவா."

ஐந்து நாள். கொலைகாரி என்ற பெயரோடு, வேறு வீட்டில் படுத்து, ஆஸ்பத்திரி வாசலில் காவல் இருந்து, அந்தப் பிள்ளை காப்பாற்றியது மாமியின் விரதத்தை. நண்டால்தான் இந்த இலக்கம் வந்தது என்று அவளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பாளா என்பது இன்றைக்கும் எனக்குச் சந்தேகம். எனக்கு அழுகை வந்தது, நான் மறைக்கவில்லை. மாமியும் அழுதார், பாவி, நீ சொல்லியிருக்கலாமே என்று அவளையே ஏசி ஏசி அழுதார்.

மகன் அதுவரை கட்டிலின் கம்பியைப் பிடித்தபடி நின்றான். இப்போது சட்டைப் பைக்குள்ளிருந்து கார்த் திறப்பை எடுத்தான்.

"வதனி, வா. வீட்டை போவம். கார் கீழதான் நிக்குது."

அவள் அவனை ஏறிட்டுப் பார்த்தாள். முகத்தில் கோபம்கூட இல்லை.

"நீங்கள் போங்கோ," என்றாள். "மாமி வீட்டை வரேக்கை நான் மாமியோட வாறன்."

மாமி தன்னுடைய விறைத்த கால்கள் இரண்டையும், ஒன்றன்பின் ஒன்றாக, கையால் தூக்கி ஒரு பக்கமாக நகர்த்தி வைத்தார். கட்டிலில் ஒரு ஆள் இருக்கக்கூடிய இடம் வந்தது. வதனி போய் அதில் உட்கார்ந்தாள்.